வேலணையில் நின்ற காரும் கோண்டாவில் கராஜும்

ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து போயிருந்தோம். "வாடகை வானுக்கு ஏன் காசு குடுக்கிறாய், என்ர கார் சும்மாதானே நிக்குது" என்று, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான வேலணையில் சித்தப்பா திறப்பைக் கையில் தந்தார். பழைய ரொயோட்டா. போன மாரி தொடங்கினதிலிருந்து மாமரத்தின் கீழேயே நின்றிருக்கிறது. முன் ரயர் இரண்டும் வெடித்துக் கிடந்ததால் ஒரு கடையில் புதிது போட்டுக்கொண்டு பண்ணைப் பாலத்தால் வந்தேன். பட்டணத்துக்குள் பிரேக்கை அழுத்தினபோது ஸ்டியரிங் கைக்குள் உதறியது, பெடல் காலைத் திருப்பித் திருப்பித் தள்ளியது. பின்சீட்டில் பிள்ளைகள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

முதலில் போன கராஜில் சில்லைக் கழற்றாமலே "டிஸ்க் வளைஞ்சிட்டுது, இரண்டையும் மாத்தவேணும்" என்றார்கள். (டிஸ்க் என்பது சில்லோடு சுற்றும் இரும்புத் தட்டு; பிரேக் அழுத்தினால் பாட் என்ற கட்டைகள் அதை இரண்டு பக்கமும் கவ்வும்.) ரொறன்ரோவிலும் பெரும்பாலும் இதே பதில்தான் கிடைக்கும். கூலி கூடின இடத்தில் டிஸ்க்கை லேத்தில் கடைந்து சமப்படுத்துவதைவிடப் புதிது போடுவது மலிவு. நான் சம்மதித்திருப்பேன். மச்சான்தான் மறித்து, கோண்டாவிலில் தனக்குத் தெரிந்த ஒரு கராஜுக்குக் கூட்டிப்போனான்.

அங்கே இருந்த தம்பிக்கு முப்பது வயதிருக்காது. முதலில் சில்லு நட்டுகளைக் கையால் இளக்கிப் பார்த்தார். ஒன்று சுலபமாக வந்தது, அடுத்ததற்குக் குழாய் போட்டு ஏறி மிதிக்கவேண்டியிருந்தது. "ரயர்க் கடையில எயார் கன்னால இறுக்கியிருக்கினம் அண்ணை. ஒவ்வொரு நட்டும் ஒவ்வொரு இறுக்கம். டிஸ்க்கை அது ஒரு பக்கமா இழுத்துப் பிடிக்கும்." பிறகு ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை நிறுத்தி டிஸ்க்கைக் கையால் மெல்லச் சுற்றினார். டிஸ்க் ஆடலாம் என்று பல கார்களுக்குச் சொல்லப்படும் எல்லை 0.05 மில்லிமீற்றர், ஒரு தலைமுடித் தடிப்பிலும் குறைவு. முள் அதைத் தாண்டி ஆடியது.

"டிஸ்க் உண்மையா வளையிறது குறைவு அண்ணை" என்று அவர் விளங்கப்படுத்தினதை நான் மறக்கமாட்டேன். கார் மாதக்கணக்கில் நின்றால், பாட் ஒட்டிக்கொண்டிருந்த இடம் ஒரு விதமாகவும் மற்ற இடம் வேறு விதமாகவும் கறள் பிடிக்கும். வேலணை உப்புக் காற்றும் மாரி ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஓடத் தொடங்கினதும் அந்த இடங்கள் ஒரே அளவாகத் தேயாது. தடிப்பில் நூறில் இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தாலே சுற்றுக்கு ஒருதரம் பெடல் தள்ளும். டிஸ்க்கைக் கழற்றிக் காட்டினார்: பாட் அளவில் ஒரு கறுத்த தடம், பின்னால், டிஸ்க் பொருந்தும் ஹப்பில் செதில் செதிலாகக் கறள். அந்தக் கறளுக்கு மேல் புது டிஸ்க்கைப் போட்டிருந்தாலும் அதுவும் ஆடியிருக்கும். முதல் கராஜின் பேச்சைக் கேட்டிருந்தால் காசும் போய் உதறலும் அப்படியே இருந்திருக்கும்.

டிஸ்க்கின் விளிம்பில் ஆகக் குறைந்த தடிப்பு பொறித்திருக்கும். மைக்ரோமீற்றரால் அளந்து, கடைய இடமிருக்கிறது என்று உறுதிப்படுத்தின பிறகுதான் ஸ்டான்லி வீதிப் பக்கம் லேத்துக்கு அனுப்பினார். அது திரும்பி வருமட்டும் கம்பி பிரஷால் ஹப்பை வெள்ளி மாதிரித் தேய்த்தார். புது பாட் போட்டு, நட்டுகளை எதிரெதிராக, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் றெஞ்சால் இறுக்கினார். திருவிழா நெரிசலில் வேலை ஒன்றரை நாள் எடுத்தது. பாட்டைத் தவிர்த்து, லேத்தும் கூலியும் 7,500 ரூபா.

அடுத்த நாள் விடியப்புறம் பண்ணை வீதியில், புது பாட் டிஸ்க்கோடு படிய, அவர் சொன்னபடி ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, நிற்பாட்டாமல் பத்துக்கு இறக்கி, இடையில் ஆறவிட்டுப் பல தரம் செய்தேன். சூட்டோடு பிரேக்கை அமத்திப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டாம், பாட் திரும்பவும் தடம் பதிக்கும் என்று சொல்லியிருந்தார். ஸ்டியரிங் அசையவில்லை.

திறப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, கிழமைக்கு ஒருக்காலாவது காரை எடுத்து ஓடச் சொன்னேன். சித்தப்பா மாமரத்தடியைப் பார்த்தார். பிறகு காரை விறாந்தைப் பக்கம், கூரைக்குக் கீழே விடச்சொன்னார்.