ஊட்டி இ-பாஸ்: எடுப்பது சுலபம், மலைக்குப் போதுமா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் காரிலோ வேனிலோ போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் தேவையில்லை.

எடுப்பதில் சிரமமில்லை. அரசின் இ-பாஸ் தளத்தில் கைபேசி எண் கொடுத்தால் ஓடிபி வரும். வெளிநாட்டினருக்கு மின்னஞ்சல் போதும். வண்டி எண், வண்டி வகை, எத்தனை பேர், வரும் நாள், திரும்பும் நாள், தங்கும் இடம் கேட்கும். கட்டணம் கிடையாது. கியூஆர் குறியீட்டைக் கிளம்பும் முன்பே போனில் சேமித்துவிடுங்கள், மலைப்பாதையில் சிக்னலை நம்ப முடியாது. பாஸ் வண்டி எண்ணுக்குத்தான். டிராவல்ஸ்காரர் கடைசி நேரத்தில் வேறு கார் அனுப்பினால் புதிதாக எடுக்க வேண்டும், சீசனில் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துபோயிருக்கலாம்.

முதல் சீசனில் கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. வண்டிகளை எண்ண முடிந்ததே தவிர, குறைக்க முடியவில்லை. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் வரம்பு வந்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நீலகிரி வியாபாரிகள் ஏப்ரல் 2 அன்று கடையடைத்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு கோடை சீசனில்தான் வருகிறது, அதைக் குறைக்கும்போது ஈடாக எதுவும் தரப்படவில்லை.

வரம்பு தேவை என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. கோளாறு, அது ஆட்களை எண்ணாமல் வண்டிகளை எண்ணுவதில் இருக்கிறது. இரண்டு பேர் வரும் காரும் பன்னிரண்டு பேர் வரும் வேனும் ஒதுக்கீட்டில் வண்டிக்கு ஓர் இடத்தைத்தான் பிடிக்கின்றன. கல்லாறு சோதனைச்சாவடியில் ஒவ்வொரு வண்டியாக ஸ்கேன் செய்வதால் வரிசை நீள்கிறது, நிற்கும் வண்டிகளின் புகை அடிவாரக் காட்டுக்குள் போகிறது. மேட்டுப்பாளையத்தில் பெரிய பார்க்கிங்கும் அங்கிருந்து அடிக்கடி பேருந்தும் இருந்தால் இந்த வரிசையில் பாதி இருக்காது. மலை ரயிலால் அந்தக் குறையைத் தீர்க்க முடியாது, இருக்கைகள் அவ்வளவு குறைவு.

இதே நீலகிரி மாவட்டத்தில் 2022இல் தொடங்கிய டாஸ்மாக் பாட்டில் திட்டத்தைப் பாருங்கள். கூடுதலாக வாங்கும் 10 ரூபாய், காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். யானைக் காலைக் கிழிக்கும் கண்ணாடி காட்டுக்குப் போகாமல் கடைக்குத் திரும்புகிறது. இ-பாஸில் அப்படியொரு ஊக்கம் இல்லை. காரை அடிவாரத்தில் விட்டுப் பேருந்தில் ஏறுபவருக்கும் எந்தச் சலுகையும் கிடையாது.

போகிறவர்கள் செவ்வாய், புதன் பாருங்கள். முடிந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் ஏறுங்கள், பாஸே வேண்டாம்.