பழைய சிஆர்-வியா, ஃபாரஸ்டரா?

கையிருப்புக்கு 2010 வாக்கில் வந்த வண்டிதான் கட்டுப்படியாகும் என்றால், ஹோண்டா சிஆர்-வி, சுபாரு ஃபாரஸ்டர் இரண்டையும் பார்க்கலாம்.

சிஆர்-வியின் 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் வால்வுகளை நேரத்துக்கு இயக்குவது உலோகச் சங்கிலி, அதாவது டைமிங் செயின். ஆயிலை ஒழுங்காக மாற்றியிருந்தால் அதிகம் தொல்லை தராது.

ஃபாரஸ்டரில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை போகும். பனியிலும் சேற்றிலும் சிஆர்-வி அதற்கு ஈடாகாது. ஆனால் 2010 மாடல் வரையிலான 2.5 லிட்டர் எஞ்சினில் அதே வேலைக்கு, குறித்த காலத்தில் மாற்ற வேண்டிய ரப்பர் டைமிங் பெல்ட். ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்பு) கசிவுக்கும் பெயர்போனது. அடியில் குனிந்து, சிலிண்டர் ஹெட் பொருந்தும் விளிம்பில் ஆயில் பிசுக்கு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு சக்கரங்களுக்கும் விசை போவதால், நான்கு டயர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று கிழிந்தால் நான்கையும் மாற்ற நேரலாம். தார்ச்சாலையை விட்டு இறங்காதவருக்கு இந்தச் செலவு எதற்கு?

என் ஓட்டு சிஆர்-விக்கே. கரடுமுரடான பாதை தினசரி என்றால் மட்டும், செயினுக்கு மாறிய 2011 மாடல் டர்போ இல்லாத ஃபாரஸ்டரைத் தேடலாம். அதில் சில ஆயில் குடிக்கும். ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.