பிறந்தநாள் தேதி நகராது: மெக்சிகோவின் கடலோர ஊர்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

வெறும் சுற்றுலா என்றால் மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருக்கலாம். பிறந்தநாளுக்கு அப்படிக் காத்திருக்க முடியாது. மார்ச் 3 என்றால் மார்ச் 3தான். அதனால் குடும்பத்தோடு மெக்சிகோ கடற்கரைக்குப் போய்ப் பிறந்தநாள் கொண்டாட நினைப்பவர்கள், நீலக் கடல் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் காலண்டரைப் பார்ப்பது நல்லது. அந்த நாட்டுக்கு மேற்கே பசிபிக், கிழக்கே மெக்சிகோ வளைகுடாவும் கரீபியனும் என்று இரு பக்கமும் கடல். ஒரு கரை சுகமாக இருக்கும் மாதத்தில் மற்றதில் காற்று புரட்டியெடுக்கும், அல்லது பாசி வந்து குவியும்.

டெக்சாஸில் இருக்கும் எங்கள் வீட்டில் இந்த அலசல் தொடங்கியது அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளை வைத்து. முழங்கால் வலி உள்ளவர், சைவம். அண்ணன் பிள்ளைகளோ தண்ணீரைக் கண்டால் கரையேற மறுப்பவர்கள். ஆகவே நான் பார்த்தவை மூன்றுதான்: பெரியவர் படியேறி இறங்காமல் கடலருகே உட்கார முடியுமா, சிறியவர்களை அலை இழுக்காமல் இருக்குமா, சாயங்காலம் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார இடமும் பாட்டும் கிடைக்குமா.

எல்லோரும் முதலில் சொல்வது கான்குன். 1970 வாக்கில் அங்கே ஊர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மெக்சிகோ அரசு இடம் தேர்ந்தெடுத்து, திட்டம் போட்டுக் கட்டிய சுற்றுலா நகரம் அது. ஒரு பக்கம் நிச்சுப்தே காயல், மறுபக்கம் கடல், நடுவில் வரிசையாக ஹோட்டல்கள். அவற்றில் பலவற்றில் சாப்பாடு, பானம், நீச்சல்குளம் எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம் என்பதால், பத்துப் பேர் சாப்பிட்ட பில்லை யார் கொடுப்பது என்ற இழுபறி வராது. கூட்டுக்குடும்பப் பயணத்தில் அது லேசான விஷயமல்ல. ஆனால் அந்த வளாகத்துக்குள் பிறந்தநாள்காரர் மணிக்கட்டில் பட்டை கட்டிய இன்னொரு விருந்தாளி, அவ்வளவுதான். பரிமாறுபவர்கள் கைதட்டிப் பாடிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். வெளியே வந்தால் நடந்து சுற்ற ஒரு தெருகூட இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை.

பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில் உள்ள லா பாஸை விட்டுக்கொடுக்கத்தான் மனம் வரவில்லை. பக்கத்திலுள்ள பலாந்திராவில் கடல் ஒரு பெரிய தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர்போல் அசையாமல் கிடக்கிறது. நடந்தே வெகுதூரம் போகலாம், இடுப்புக்கு மேல் ஏறாது. அது பாதுகாக்கப்பட்ட பகுதி. ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்று அளவு வைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள், மது கூடாது. இயற்கைக்கு அது நல்லது. இரண்டு கார்களில் வந்து, அதில் ஒன்று வழிதவறும் எங்களைப் போன்ற குடும்பத்துக்குத்தான் சிரமம். பிப்ரவரியில் தண்ணீர் சில்லென்று இருக்கும், ஆகஸ்டில் வெயில் கொளுத்தும். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ பிறந்தவர் வீட்டில் இருந்தால் தயங்காமல் லா பாஸுக்கே போங்கள்.

இனி உண்மையான போட்டியாளர்கள் நால்வர்.

இஸ்லா முஹேரெஸ் கான்குனுக்கு எதிரே உள்ள சிறு தீவு. ஏழு கிலோமீட்டர் நீளம், ஒல்லியான உடம்பு. புவேர்ட்டோ ஹுவாரெஸ் துறையிலிருந்து படகில் இருபது நிமிடம். வடமுனையில் உள்ள ப்ளாயா நோர்ட்டே, குழந்தைகளுக்காகவே அமைந்ததுபோல ஆழமில்லாத, அலையில்லாத கடற்கரை. தீவுக்குள் சுற்ற கோல்ஃப் வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. முழங்கால் வலிக்காரருக்கு இதைவிட உபகாரம் இல்லை, பிள்ளைகளுக்கு அதுவே பிறந்தநாள் பரிசு. பகலில் கான்குனிலிருந்து வந்து மொய்க்கும் கூட்டம் மாலைப் படகில் திரும்பியதும் ஊர் உங்களுடையது. அதனால் தீவிலேயே இரவு தங்க வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்பினால் கூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள்.

இந்தக் கரீபியன் கரையின் தொல்லை சர்காசம் என்னும் பழுப்புநிறப் பாசி. 2011 முதல் வெப்பமண்டல அட்லாண்டிக்கில் பெருகி, பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் தொடங்கிக் கோடை முழுக்கக் கரை ஒதுங்குகிறது. குவிந்து அழுகினால் முட்டை கெட்ட நாற்றம். துலும், ப்ளாயா தெல் கார்மென் போன்ற கிழக்கு நோக்கிய கடற்கரைகள் இதில் அதிகம் அடிபடுகின்றன. ப்ளாயா நோர்ட்டே திசை மாறி இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆகவே ஜூன், ஜூலைப் பிறந்தநாளுக்குக் கரீபியன்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், மற்ற பெயர்களைத் தள்ளிவிட்டு இந்தத் தீவைப் பிடியுங்கள். அந்த மாதங்களில் அருகிலுள்ள கடலுக்குத் திமிங்கலச் சுறாக்கள் கூட்டமாக மேய வரும், படகில் போய்ப் பார்க்கலாம். ஆகஸ்ட் பாதிக்கு மேல் அக்டோபர் வரை புயல்களின் உச்சகாலம். அப்போது பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட் அல்லாமல் வேறு வாங்காதீர்கள்.

பசிபிக் கரையில் உள்ள மசத்லானைப் பற்றிப் பேசும்போது எனக்கு இரண்டு மனம். கடலையொட்டி இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் மலேகோன் என்னும் நடைபாதை, புல்மோனியா என்ற திறந்த டாக்ஸிகள், பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கும் வீரர்கள், எலுமிச்சையும் மிளகாயும் ஊறிய வேகாத இறாலான அகுவாச்சிலே என்று கடலோர ஊருக்கான கலகலப்பு எல்லாம் உண்டு. பித்தளை வாத்தியங்கள் முழங்கும் பாந்தா இசைக்கு இதுதான் தாய்மண். 2024இல் கடற்கரையில் பாந்தா சத்தம் தாங்கவில்லை என்று ஹோட்டல்காரர்கள் கிளப்பிய பேச்சுக்கு, இசைக்கலைஞர்கள் வாத்தியங்களோடு தெருவுக்கு வந்து பதில் சொன்னார்கள். யார் பக்கம் நிற்பது என்பது உங்கள் தூக்கத்தைப் பொறுத்தது. நான் வாத்தியக்காரர்கள் பக்கம்.

ஆனால் மசத்லான் சினலோவா மாநிலத்தில் இருக்கிறது. அமெரிக்க அரசின் பயண எச்சரிக்கையில் அந்த மாநிலம் பல ஆண்டுகளாக ‘போகாதீர்கள்’ என்ற உச்சப் படியில் வைக்கப்பட்டிருந்தது. 2024 செப்டம்பரில் அங்கே போதைக் கும்பலின் பிரிவுகளுக்குள் மூண்ட சண்டை நிலைமையை மேலும் மோசமாக்கியது. தனியாளாகப் போகிறவர் தன் துணிச்சலை அளந்துகொள்ளலாம். எழுபது வயதுத் தாயையும் சிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்த உரிமை இல்லை என்பது என் கட்சி. உங்கள் பயணக் காப்பீடு அப்படிப்பட்ட மாநிலங்களை ஏற்கிறதா என்பதையும் பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

மெக்சிகோ வளைகுடாக் கரையில் உள்ள வெராகுரூஸ் இந்தப் பட்டியலில் இருப்பதே பலருக்கு வியப்பாக இருக்கும். கடல் அழகில் அது நாலாவது இடம், சந்தேகமில்லை. மணல் சாம்பல் கலந்தது, தண்ணீர் கலங்கல், தூரத்தில் சரக்குக் கப்பல்கள். வெளிநாட்டார் குறைவு, அங்கே கடற்கரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்கள் மெக்சிகோக்காரர்களே. மற்ற மூன்று ஊர்களிலும் விருந்தாளிக்காக நடக்கும் கொண்டாட்டம், இங்கே ஊர் தனக்காக நடத்திக்கொள்வது. மாலையில் மையச் சதுக்கத்தில் கியூபா வழியாக வந்த தான்சோன் நடனத்துக்கு வாத்தியக்குழு உட்காரும். வெள்ளைச் சட்டையும் விசிறியுமாக, எழுபதும் எண்பதும் ஆன தம்பதிகள் எழுந்து ஆடுவார்கள். அவசரமில்லாத ஆட்டம், இடையிடையே நின்று மூச்சு வாங்கிக்கொள்ளவும் அதில் இடம் இருக்கிறது. வயதான ஒருவரின் பிறந்தநாளை ஒரு ஊரே மதிக்கிறது என்ற உணர்வு வேறெங்கும் எனக்கு இப்படித் தோன்றியதில்லை.

அப்புறம் அந்தக் காபி. 1808ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் லா பரோக்கியா காபி நிலையத்தில் கண்ணாடி டம்ளரின் அடியில் கெட்டி டிகாக்ஷன் வரும். கரண்டியால் டம்ளரை டிங் டிங் என்று தட்டினால் ஒருவர் கெட்டிலோடு வந்து, கையை உயரத் தூக்கிச் சூடான பாலை நுரை பொங்க ஊற்றுவார். டபராவில் ஆற்றிக் குடித்துப் பழகிய அம்மாவுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. ஒரே குறை, அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அவ்வப்போது அடிக்கும் ‘நோர்ட்டே’ என்ற வடகாற்று. வலுத்தால் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொடும், மணலை முகத்தில் அறையும், குடும்பமே அறைக்குள் முடங்க வேண்டியதுதான். விமானமும் குறைவு, பல ஊர்களிலிருந்து மெக்சிகோ சிட்டியில் இறங்கி மாற வேண்டியிருக்கும்.

கடைசியாக புவேர்ட்டோ வயார்ட்டா. ஹலிஸ்கோ மாநிலத்தில், பாந்தேராஸ் விரிகுடாவின் உட்புறத்தில் மலையும் கடலும் நெருக்கியடித்த இடத்தில் அமைந்த ஊர். திறந்த பசிபிக்கின் முரட்டு அலையை விரிகுடா ஓரளவு வாங்கிக்கொள்கிறது. நவம்பரிலிருந்து மே வரை மழை அபூர்வம். டிசம்பர் முதல் மார்ச் வரை கூன்முதுகுத் திமிங்கலங்கள் குட்டி ஈன இந்த விரிகுடாவுக்கு வருகின்றன; படகில் போனால் நன்றாகப் பார்க்கலாம், சில நாள் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே நீர்த்தாரையைப் பார்த்துவிடலாம். மழைக்காலத்தின் பின்பாதியிலிருந்து டிசம்பர் வரை பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் முகாம்கள் நடக்கின்றன. கேக்கைவிடப் பிள்ளைகளுக்கு அதுதான் நினைவில் நிற்கும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை புழுக்கமும் மாலை இடிமழையும். அந்த மாதப் பிறந்தநாள்காரர்கள் இந்த ஊரை மறந்துவிடலாம்.

இங்குள்ள மலேகோன் மசத்லானைப் போல நீளமல்ல, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ஆனால் வாகனமே வராத, சமதளமான ஒரு கிலோமீட்டர். வெண்கலச் சிற்பங்கள், உட்கார இடங்கள், உயரக் கம்பத்திலிருந்து கயிற்றில் தலைகீழாகச் சுழன்றிறங்கும் பறக்கும் மனிதர்கள். முழங்கால் வலிக்காரர் பாதி தூரம் நடந்து, உட்கார்ந்து, வேடிக்கை பார்த்து, மீதியை நடக்கலாம். இந்த நடைபாதைதான் என் கணக்கில் ஊரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. வீடு வாடகைக்கு எடுக்கும்போது மட்டும் ஏமாறக் கூடாது. பழைய ஊருக்கு மேலே மலைச்சரிவில் உள்ள வீடுகளின் மாடிக் காட்சி அற்புதமாக இருக்கும். அந்தக் காட்சிக்குப் போகும் படிக்கட்டு விளம்பரப் படத்தில் இருக்காது. உருளைக்கல் பாவிய தெருக்களில் சக்கர நாற்காலி தள்ளுவதும் தண்டனை. ஆற்றங்கரையை ஒட்டியோ படகுகள் நிற்கும் மரினா பக்கமோ தரைமட்டத்தில் பாருங்கள்.

ஒரு பகல் அதே விரிகுடாவில் உள்ள யெலாப்பா என்ற கடலோரக் கிராமத்துக்குப் படகேறலாம். அங்கே தலையில் கூடை சுமந்து மணலில் நடக்கும் பெண்கள் தேங்காயோ எலுமிச்சையோ வைத்துச் சுட்ட ‘பை’ (pie) என்ற இனிப்பை விற்கிறார்கள். பிறந்தநாள் மெழுகுவத்தியை அதில் செருகி ஏற்ற ஒரு தடையும் இல்லை. திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹலிஸ்கோ மரியாச்சி இசையின் மண். கிதார், வயலின், டிரம்பெட்டோடு பாடும் மரியாச்சிக் குழுக்கள் சாப்பாட்டுக் கடைகளுக்கே வருகின்றன. பாட்டுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். மெக்சிகோவில் பிறந்தநாளுக்கு ‘லாஸ் மன்யானிதாஸ்’ பாடாமல் கேக் வெட்ட மாட்டார்கள், நீங்கள் கேட்காவிட்டாலும் பக்கத்து மேசை சேர்ந்து பாடும். அடுத்து ‘மோர்தீதா’ என்று கத்துவார்கள்: பிறந்தநாள்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேக்கை நேரே வாயால் கடிக்க வேண்டும், குனிந்ததும் பின்னாலிருந்து யாராவது முகத்தை அமுக்குவார்கள். கண்ணாடி அணிந்த பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

சாப்பாட்டில் நான்கு ஊருக்கும் ஒரே எச்சரிக்கை. அரைத்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பும் சோற்றில் கோழிச் சாறும் சேர்ப்பது அங்கே வழக்கம். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழியோ ஹாமோ தட்டில் வரலாம். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். வெளிநாட்டார் அதிகம் தங்கும் வயார்ட்டாவில் முழுச் சைவக் கடைகள் தாராளம், தீவில் ஓரளவு, வெராகுரூஸில் தேட வேண்டும். முட்டையில்லாக் கேக்கை எந்த ஊரிலும் சில நாள் முன்பே சொல்லிவையுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைப் பற்றி ஒரு வார்த்தை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி மெக்சிகோ விசா தேவையில்லை. ஆனால் திரும்பி அமெரிக்காவுக்குள் வர அந்த விசா பலமுறை நுழைவு அனுமதி உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹலிஸ்கோவும் எச்சரிக்கை இல்லாத மாநிலம் அல்ல. முன்பதிவு செய்யும்போது ஒருமுறை, புறப்படும் வாரத்தில் ஒருமுறை அரசு அறிவிப்பைப் படிப்பது கட்டாயம்.

அம்மாவுக்கு எழுபது நிறைவது பிப்ரவரியில். வெராகுரூஸில் அப்போது வடகாற்று, மசத்லான் ஏற்கெனவே கழிந்தது, தீவிலோ பருவம் உச்சத்தில் இருப்பதால் வாடகையும் உச்சத்தில். வயார்ட்டாவில் திமிங்கலம் வந்திருக்கும், மழை இருக்காது. அங்கேயே தரைமட்ட வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். தங்கைக்கு மட்டும் தான்சோன் ஆசை போகவில்லை. அவள் பிறந்தது மே மாதம், காற்று அடங்கியிருக்கும். அந்த முறை வெராகுரூஸுக்குப் போகலாம், செலவு அவளுடையது என்று சொல்லியிருக்கிறேன்.