உப்புத் தண்ணீரில் ஐந்து வருடம்: ஸ்கிளீரல் லென்ஸ் அனுபவம்

இந்த வைகாசியோடு நான் ஸ்கிளீரல் லென்ஸ் என்ற, கண்ணின் மேல் வைக்கும் பெரிய கடின லென்ஸ் போடத் தொடங்கி ஐந்து வருடம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கருவிழி கூம்பாகிப் பார்வை கெடும் கெரட்டோகோனஸ் நோய் என்று கேள்விப்பட்டு, லென்ஸ் போடுவதா விடுவதா என்று யோசிப்பவர்களுக்கு, அதிலும் கொழும்பில் இல்லாமல் வன்னியில் இருந்து யோசிப்பவர்களுக்கு இது உதவ வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பதினாறு வயதில் குறும்பார்வை என்று கண்ணாடி தந்தார்கள். அதன்பிறகு இலக்கம் ஏறிக்கொண்டே போனது. ஒரே கடையில் நான்கு தடவை கண்ணாடி மாற்றினேன். ஏன் இப்படி ஏறுகிறது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் உண்டு. இரவில் ஏ-9 வீதியில் எதிரே வரும் லொறியின் விளக்கு மூன்று நான்காகப் பிரிந்து, கீழ்ப்பக்கம் வால் விட்டுத் தெரியும். புதுக் கண்ணாடி போட்டாலும் அந்த வால் போகாது. இப்படி இருந்தால் கடையில் நிற்காதீர்கள். கண் வைத்தியரிடம் போய், கருவிழியின் வளைவை வரைபடமாக எடுக்கும் சோதனையைக் கேளுங்கள்.

எனக்கு அந்தப் படம் கொழும்பில்தான் எடுத்தார்கள். இரண்டு கண்ணிலும் கீழ்ப்பாதி சிவந்து கிடந்தது. சிவப்பு என்றால் செங்குத்தான இடம். கருவிழி என்று நான் சொல்வது கண்ணின் முன்னால் உள்ள தெளிவான படலத்தை, அது அரை மில்லிமீற்றர் அளவு தடிப்புத்தான். அது மெலிந்து கூம்பு போல முன்னே தள்ளுவதுதான் இந்த நோய். மேற்பரப்பே ஒழுங்கில்லாததால் கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பார்வை தெளியாது.

முதலில் செய்தது லென்ஸ் இல்லை, கிரொஸ் லிங்கிங். படலத்தின் மேல்தோலை எடுத்துவிட்டு, ரைபோபிளேவின் என்ற விற்றமின் சொட்டு விட்டு, புறஊதா ஒளி பாய்ச்சினார்கள். அதன்பிறகு மூன்று நாள் இருட்டு அறையில் கண்ணெரிவோடு கிடந்தேன். கிரொஸ் லிங்கிங்கையும் லென்ஸையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிரொஸ் லிங்கிங் கூம்பு மேலும் வளராமல் தடுக்கத்தான், பார்வையைத் திருப்பித் தராது. லென்ஸ் பார்வை தரும், வளர்ச்சியை நிறுத்தாது. லென்ஸ் போட்டால் நோய் மாறிவிடும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

சாதாரண மெல்லிய லென்ஸ் என் கூம்பின் வடிவத்தையே எடுத்துக்கொண்டது, அதனால் பயன் இல்லை. கருவிழியில் நேரே அமரும் சிறிய கடின லென்ஸ் பார்வை தந்தது. ஆனால் கூம்பின் நுனியில் உரசியது, தூசு பட்டால் கண்ணைத் திறக்க முடியாது. ஸ்கிளீரல் லென்ஸ் பெரியது. என்னுடையது 16.5 மில்லிமீற்றர் அகலம். கருவிழியைத் தொடாமல் பாலம் போலத் தாண்டி, கண்ணின் வெள்ளையில் அமர்கிறது. இடையில் சேலைன் என்ற கிருமி நீக்கிய உப்பு நீர் நிற்கிறது. அந்த நீர்தான் மேடு பள்ளத்தை நிரப்புகிறது. என் குறும்பார்வைக்கான பவரும் அதே லென்ஸில் இருக்கிறது. இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்தேன். ஆனால் 1889இலேயே ஜேர்மனியில் ஆகஸ்ட் முல்லர் என்பவர் தன்னுடைய மைனஸ் 14 குறும்பார்வைக்காகக் கண்ணாடியிலேயே இப்படி ஒன்று கடைந்து போட்டிருக்கிறார். அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லையாம். இன்றைய லென்ஸ் ஒட்சிசனைக் கண்ணுக்குப் போக விடுவதால் நான் பத்து மணி நேரம் போடுகிறேன்.

போட்ட முதல் வாரம் கொப்பி திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு தசமப் புள்ளியைப் பார்த்தேன். ஒரே ஒரு புள்ளி, பேனா முனை அழுத்திய இடத்தில் சின்னக் குழியோடு. அதுவரை எனக்குப் புள்ளி என்றால் கீழே நிழல் இழுத்த ஒரு கறை. எத்தனை பிள்ளைகளுக்குப் பிழை போட்டிருப்பேன் என்று நினைத்து, பழைய கொப்பிகளை எல்லாம் திருப்பிக் கேட்டு வாங்கினேன்.

சரி, தினசரி வேலைக்கு வருகிறேன். சவர்க்காரம் போட்டுக் கைகழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். லென்ஸை ரப்பர் பிடியில் கிண்ணம் போல நிறுத்தி, சேலைனை விளிம்புக்கு மேல் குவிந்து நிற்கும்வரை விட வேண்டும். முகத்தை நிலத்துக்கு நேரே குனிந்து, இமை இரண்டையும் அகட்டி, லென்ஸைக் கீழிருந்து மேலே கொண்டுபோக வேண்டும். குளிர்ந்த நீர் கண்ணில் முட்டிக் கன்னத்தில் வழியும். வழியாவிட்டால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கும், திரும்பக் கழற்றித்தான் போட வேண்டும். முதல் மாதம் எனக்கு முக்கால் மணி நேரம் போனது. இப்போது ஐந்து நிமிடம். கழற்றும்போது ரப்பர் உறிஞ்சியை நடுவில் ஒட்டி இழுக்காதீர்கள். விளிம்போரம் ஒட்டிச் சரித்தால் தானாகக் கிளம்பும்.

இங்கே பெரிய சிக்கல் தண்ணீர்தான். கிணறு, குழாய், குளம் எதுவும் லென்ஸில் படக்கூடாது. அகந்தமீபா என்ற நுண்ணுயிர் தண்ணீரில் இருக்கும், கருவிழியில் புகுந்தால் பார்வையே போகலாம். சேலைன் முடிந்த ஒரு நாள் அம்மா, "பிள்ளை, கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சு உப்புப் போட்டுத் தரட்டே?" என்று கேட்டார். வற்றாப்பளை அம்மனுக்குக் கடல் நீரில் விளக்கெரிகிற ஊர், உப்புத் தண்ணீரில் மகளின் கண்ணும் ஒளிரட்டும் என்று நினைத்திருப்பார். வேண்டாம் என்று சொல்லி, இரண்டு நாள் பழைய கண்ணாடியோடு, கரும்பலகையில் மூக்கு முட்டப் படிப்பித்தேன். கெடாமல் வைக்கும் இரசாயனம் கலக்காத, ஒருமுறை உடைத்துப் பாவிக்கிற சின்னச் சேலைன் குப்பிகள்தான் வேண்டும். இப்போது மூன்று மாதத்துக்குப் போதுமானதைக் கொழும்பிலிருந்து ஒன்றாக எடுத்து வைக்கிறேன்.

இன்னொன்று நானே விட்ட பிழை. இரவில் லென்ஸை ஊறவைப்பது ஹைட்ரஜன் பெரொக்சைட்டில். அதற்குரிய கூட்டில் ஆறு மணி நேரம் கிடந்தால்தான் அது வெறும் நீராகும். கரண்ட் இல்லாத ஒரு விடியற்காலை, சேலைன் என்று நினைத்துச் சிவப்பு மூடிப் போத்தலை எடுத்து லென்ஸை நிரப்பிவிட்டேன். கண்ணில் நெருப்பு வைத்தது போல இருந்தது. உடனே கழற்றி, குப்பி குப்பியாகச் சேலைன் விட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒரு வாரம் லென்ஸ் இல்லை. அன்றிலிருந்து பெரொக்சைட் போத்தல் வேறு அறையில்.

சோளகம் வீசும் மாதங்களில் கிறவல் தூசு லென்ஸுக்குக் கீழே போவதில்லை, அந்த வகையில் இது கண்ணுக்கு ஒரு கவசம். ஆனால் மதியம் தாண்டினால் உள்ளே நிற்கும் நீர் மங்கி, புகைக்குள் பார்ப்பது போலாகிறது. இடைவேளையில் கழற்றிப் புது நீர் விட்டுப் போடுகிறேன். ஸ்கூட்டியில் போகும்போது முழுமுகத் தலைக்கவசம் போடத் தொடங்கியபிறகு அரிப்பும் குறைந்தது. கண் கசக்குவது இந்த நோயைக் கூட்டும் என்பதால் அரிப்புக்குச் சொட்டு மருந்தும் பாவிக்கிறேன்.

காசு என்று பார்த்தால் முதல் சோடிக்கு எங்கள் வயலின் ஒரு போக நெல் போனது. மூன்று வருடத்தில் மேற்பரப்பு கீறி, படிவு ஏறி, மாற்ற வேண்டி வந்தது. இப்போது இரண்டாவது சோடி. போன மாதத்திலிருந்து இடது லென்ஸைக் கழற்றியபிறகு வெள்ளையில் வட்டமாக ஒரு தடம் நிற்கிறது, மூக்குப் பக்கம் கொஞ்சம் ஆழமாக. விளிம்பு இறுகுகிறது என்று நினைக்கிறேன். ஆவணியில் கிளினிக் இருக்கிறது, லென்ஸைப் போட்டுக்கொண்டே வரச் சொல்லியிருக்கிறார்கள். இரவு பஸ்ஸில் கண்ணாடியோடு போய், அங்கே இறங்கித்தான் போட வேண்டும். குப்பிகளை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.