அரசு தொற்றா நோய்ப் பிரிவு: ஓராண்டு அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

நாள்பட்ட நோய்களுக்காக அரசு நடத்தும் தொற்றா நோய்ப் பிரிவு ஒன்றில் ரத்தக் கொதிப்புக்காக ஓராண்டாகச் சிகிச்சை பெற்று வருகிறேன்.

ரத்த அழுத்தம் பார்ப்பதில் இங்கே காட்டும் பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை. வந்தவரை ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுக்காமல் உட்காரவைத்து, முதுகு சாய்ந்திருக்கிறதா, பாதங்கள் தரையில் படிந்திருக்கின்றனவா என்று பார்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்த பிறகுதான் செவிலியர் பட்டையைச் சுற்றுகிறார்; சற்று இடைவெளி விட்டு மறுமுறையும் அளக்கிறார். முதல் நாள் 152 காட்டிய கருவி இரண்டாம் முறை 144 காட்டியது. நடந்து வந்த மூச்சு அடங்குமுன் ஒரே தடவை அளந்து மாத்திரையைக் கூட்டிவிடும் இடங்களில் அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மருத்துவர் மாறினாலும் மருந்து மாறுவதில்லை. எல்லாரும் ஒரே சிகிச்சை நெறிமுறையைப் பின்பற்றுகிறார்கள். மாத்திரைக்கும் இதுவரை தட்டுப்பாடு வந்ததில்லை. இதய, ரத்தநாள நோய்களைக் கட்டுப்படுத்த உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'ஹார்ட்ஸ்' வழிகாட்டித் தொகுப்பு கேட்பவற்றுள் இவை முக்கியமானவை. அதே தொகுப்பு கேட்கும் தொடர் கண்காணிப்பில்தான் இந்தப் பிரிவு கோட்டைவிடுகிறது.

ஏழாவது மாதம் வெளியூரில் தங்க நேர்ந்ததால் ஆறு வாரம் நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஓர் அழைப்புகூட வரவில்லை. திரும்பிச் சென்றபோது என் அட்டையில் இரண்டு கட்டங்கள் காலியாகக் கிடந்தன. எதிர்ச்சுவர்ப் பலகையிலோ அந்த மாதம் பரிசோதிக்கப்பட்டோர் எண்ணிக்கை பெரிதாக எழுதப்பட்டிருந்தது. கொதிப்பு கட்டுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உலகெங்கும் கொதிப்புள்ள பெரியவர்களில் 42 விழுக்காட்டினர் சிகிச்சை பெறுகிறார்கள். 21 விழுக்காட்டினருக்கே அது கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரை வாங்குவோரிலேயே பாதிப் பேர் நழுவிவிடுகிறார்கள் என்றால், பலகையில் எழுத வேண்டிய எண் எது என்பதை மேலிடம்தான் முடிவு செய்ய வேண்டும்.

உணவு ஆலோசனை குறையில்லாமல் நடக்கிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு, பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்து வாங்குங்கள் என்கிறார்கள். அந்த எழுத்தோ கண்ணாடி போட்டும் தெரியாத பொடி எழுத்து. சிலி நாடு 2016 முதல் செய்வதுபோல முன்புறமே கறுப்பு எண்கோணத்தில் எச்சரிக்கை அச்சிடச் சட்டம் வந்தால் ஆலோசகரின் வேலை பாதியாகக் குறையும். அது இந்த அறைக்குள் முடிகிற காரியமன்று என்பதால் அதற்காக நான் மதிப்பெண் குறைக்கவில்லை.

ஐந்துக்கு மூன்றரை. கொதிப்போ சர்க்கரையோ உள்ளவர்கள் தயங்காமல் செல்லலாம். அடுத்த தேதியை மட்டும் நீங்களே கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.