பேஸ்போல் கையுறை: மாட்டுத்தோலா, செயற்கைத்தோலா?

1845இல் நியூயோர்க்கின் நிக்கர்பொக்கர் கழகம் விதிகளை எழுதிய காலத்தில் யாரும் கையுறை போடவில்லை. பந்து நிலத்தில் ஒருமுறை குத்தி எழும்போது பிடித்தாலும் ஆட்டமிழப்புத்தான். டென்னிஸ் பந்தில் எல்லே (பேஸ்போல் போன்ற நம்மூர் ஆட்டம்) ஆடிய மட்டக்களப்புப் பெடியளுக்கும் வெறுங்கை பழக்கம். ஆனால் இன்றைய பேஸ்போல் பந்து 142 முதல் 149 கிராம். தக்கை, ரப்பர் மேல் நூலை இறுக்கிச் சுற்றியது. வெறுங்கையால் பிடிக்கவே வேண்டாம், விரல் முறியும்.

செயற்கைத்தோல் கையுறை விலை குறைவு, முதல் நாளே மடங்கும். உள்ளங்கைப் பகுதி மெல்லிசு என்பதால் வேகப்பந்தில் கை எரியும். கழக ஆட்டத்துக்கு மாட்டுத்தோல்தான் சரி. களத்தில் பெரும்பாலான இடங்களில் நிற்பவர்களுக்கு 12 அங்குல உறை போதும். விக்கெட் காப்பாளர் போல் பின்னால் இருப்பவருக்குத் தனி உறை வேண்டும். வலக்கையால் எறிபவருக்கு இடக்கை உறை. வாங்கும்போது இதில்தான் பலர் பிழை விடுகிறார்கள்.

புது உறையின் குழிக்குள் பந்தை வைத்து இரவில் கட்டிவிடுங்கள். எண்ணெய் மெல்லப் பூசினால் போதும், கூடினால் தோல் ஊறிப் பாரமாகும். மாரியில் நனைந்தால் நிழலில் காற்றாட உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும். முதலில் அறுவது விரலிடைத் தோல்வார். உதிரி வாரும் சேர்த்துத் தரும் கடையில் வாங்குவது நல்லது.