"டேங்க் நிரம்பவே நிரம்பாது" என்று சொன்னால் உஷாராகிவிடுங்கள்

தென் சென்னைப் புறநகரில் தனி வீடு வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கிற வசனம் இது: "செப்டிக் டேங்க் நாங்களே போட்டுத் தர்றோம் சார், பத்து வருஷத்துக்கு லாரியே வேண்டாம்." இதை நம்பிக் குடியேறிய ஒரு வீட்டில், முதல் ஐப்பசி மழைக்கே கழிவறைக் கோப்பையில் தண்ணீர் மேலேறி நின்றது. தோண்டிப் பார்த்தால் டேங்க்கே இல்லை. நாலடி விட்டத்தில் சிமென்ட் உறை எட்டு, ஒன்றன்மேல் ஒன்று. அடியில் கான்கிரீட் இல்லை, இணைப்புகளில் கலவையும் இல்லை. பதினான்கு அடி தள்ளி, அவர்கள் குடிக்கிற போர்.

உண்மையான செப்டிக் டேங்க் சில நாளிலேயே வெளிக்குழாய் மட்டம் வரை நிரம்பிவிடும். அப்புறம் எப்போதும் அப்படியேதான் இருக்கும். உள்ளே வருகிற அளவுதான் வெளியே போகும். அந்தத் தண்ணீர் வழக்கமாகப் பக்கத்தில் வெட்டிய உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்கும். அடியில் சேரும் கசடை எடுக்க இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வந்தே ஆக வேண்டும். நிரம்பாத டேங்க் என்றால் அது நிலத்தடி நீருக்குள் ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மண்ணைச் சோதித்தீர்களா என்று அந்த வீட்டை விற்றவர்களைக் கேட்டதற்கு, மே மாதம் எடுத்த ஒரு வீடியோவைக் காட்டினார்கள். குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறார்கள், பத்தே நிமிஷத்தில் காலி. ஆனால் அங்கே இருப்பது களி. கோடையில் விரல் நுழைகிற மாதிரி வெடித்துக் கிடக்கும். ஊற்றிய தண்ணீரை மண் உறிஞ்சவில்லை, அது வெடிப்பு வழியாக ஓடியது. களி ஊறி உப்பியதும் வெடிப்பு மூடிக்கொள்ளும், பிறகு சொட்டுத் தண்ணீர் இறங்காது.

செப்டிக் டேங்க்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470 சொல்கிற சோதனைக்குப் பெரிய செலவு கிடையாது. கழிவுநீர் இறங்கப்போகிற ஆழம் வரை 10 முதல் 30 செ.மீ. அகலத்தில் குழி எடுக்க வேண்டும். கடப்பாரை பட்டு வழவழப்பான சுவரைச் சுரண்டிவிட்டு, அடியில் 5 செ.மீ. ஜல்லி போட வேண்டும். அதற்கு மேல் 30 செ.மீ. தண்ணீர் ஊற்றி, குறையக் குறைய ஊற்றி நான்கு மணி நேரமாவது ஊறவிட வேண்டும். களியாக இருந்தால் ராத்திரி முழுக்க. (வீடியோவில் விட்டுப்போனது இந்த ஊறவைப்புதான்.) மறுநாள் ஜல்லிக்கு மேல் 15 செ.மீ. தண்ணீர் நிற்க வைத்து, குறுக்கே ஒரு சட்டம் போட்டு, அதிலிருந்து ஸ்கேலை இறக்கி அளக்க வேண்டும். அரை மணியில் எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போடலாம். 30 நிமிஷத்துக்குள் என்றால் உறிஞ்சுகுழி தாங்கும். 60 வரை நீளப் பள்ளம் வெட்டி, துளையிட்ட குழாய் போட்டுப் பரப்பிவிட வேண்டும். அரை மணியில் 10 மி.மீ.தான் இறங்கியது என்றால் கணக்கு 75 நிமிஷம். அந்த மண்ணில் உறிஞ்சுகுழியே கூடாது, டேங்க்கை அடுத்து, கழிவுநீர் அடியிலிருந்து மேல்நோக்கி ஓடும் ஜல்லி வடிகட்டி கட்ட வேண்டும்.

கோவளம் மாதிரிக் கடற்கரை மணலில் சிக்கல் நேர்மாறு. தண்ணீர் கண்ணெதிரே மறையும், ஆனால் கிருமி வடிகட்டப்பட நேரமே இருக்காது. அங்கே குழியின் அடியை அடைத்து, சுற்றிலும் 50 செ.மீ. கனத்துக்கு நைஸ் மணல் நிரப்ப வேண்டும்.

நீர்மட்டத்தைக் கார்த்திகையில் பாருங்கள், சித்திரையில் அல்ல. மழை ஓய்ந்ததும் பக்கத்துக் கிணற்றில் நீர் எங்கே நிற்கிறதோ, அதற்கு 2 மீட்டர் மேலே குழியின் அடி இருக்க வேண்டும். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும், அதாவது அறுபது அடி. 30க்கு 40 மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே ஐம்பது அடிதான்! பக்கத்து வீட்டுப் போரையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலான சின்ன மனைகளில் இதற்கு இடமே இல்லை. விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

ஏற்கெனவே உறை இறக்கிய வீடு என்றால், குடிநீர் வாரிய ஆய்வகத்தில் போர்த் தண்ணீரைக் கொடுத்து, ஈ.கோலி (மலத்திலிருந்து வரும் கிருமி), நைட்ரேட் (கழிவிலிருந்து நீரில் கலக்கும் உப்பு) இரண்டுக்கும் முடிவு கேட்டு வாங்குங்கள். 100 மி.லி.யில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.யைத் தாண்டக் கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது.

புது வீடு என்றால் மேல் ஸ்லாப் போடும் முன் வெளிக்குழாயை அடைத்து, டேங்க்கில் தண்ணீர் நிரப்பி, சுவரில் கரிக்கோடு போடச் சொல்லுங்கள். 24 மணி நேரம் கழித்து, தண்ணீர் அந்தக் கோட்டை விட்டு இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடைசித் தவணை.